கடலில் இடம் அறிய நொடிக் கணக்கு ஏன் வேண்டும்?

கன்னியாகுமரியில் கடிகாரம் நண்பகல் பன்னிரண்டைக் காட்டும்போது சூரியன் உச்சிக்கு வந்திருப்பதில்லை. நவம்பர் தொடக்கத்தில் அது 12 மணி 4 நிமிட அளவில் உச்சியைத் தொடுகிறது. பிப்ரவரி நடுவில் 12 மணி 34 நிமிடம் வரை பிந்துகிறது. ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால் 12 மணி 20 நிமிடம் வருகிறது. நம் நாட்டின் கடிகாரங்கள் அனைத்தும் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன. குமரி முனையோ அதற்கு மேற்கே, 77 பாகை 33 கலை அளவில் இருக்கிறது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் ஆகிறது. ஐந்து பாகை இடைவெளிக்கு இருபது நிமிடம்.

இங்கே கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, விகலை என்பது கலையில் அறுபதில் ஒரு பங்கு. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இவை பழகிய அளவுகள். காலத்தின் நிமிடத்தோடும் நொடியோடும் கலந்துவிடாமல் இருப்பதற்காக இக்கட்டுரை முழுவதும் கோணத்துக்கு இவற்றையே பயன்படுத்துகிறேன்.

இந்த இருபது நிமிடக் கணக்கைத் திருப்பிப் போட்டால் கடற்பயணத்தின் அடிப்படை விதி கிடைத்துவிடும். ஓர் இடத்தின் உள்ளூர் நேரத்துக்கும், உலகில் வேறெங்கோ நிலையாக வைத்துக்கொண்ட ஒரு நேரத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால், அவ்விரண்டு இடங்களின் தீர்க்கரேகை வேறுபாடும் தெரிந்துவிடுகிறது. நம் மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரத்திலிருந்து மேற்கே நீரோடி வரை தீர்க்கரேகையில் ஏறக்குறைய அரைப் பாகை நீள்கிறது. ஆகவே ஆரோக்கியபுரத்தின் உச்சியைக் கடந்த சூரியன் நீரோடியின் உச்சிக்கு வர இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இந்த அரைப் பாகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இதே அரைப் பாகைக்காக ஓர் அரசு பெரும் பரிசு அறிவித்தது.

கரை கண்ணுக்குத் தெரியும்வரை இடம் அறிவது கடினமில்லை. மலை முகடு ஒன்றையும் தேவாலயக் கோபுரம் ஒன்றையும் ஒரே கோட்டில் வைத்து, வேறு திசையில் அதுபோல் இன்னொரு கோட்டையும் பிடித்து, அவை வெட்டும் இடத்தில் வலையிடும் வழக்கம் இக்கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. கரை மறைந்த பிறகு அடையாளங்கள் வானத்தில் மட்டுமே எஞ்சுகின்றன. தூத்தூர் வட்டாரத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குச் செல்லும் படகுக்கும் சரி, போர்க்கப்பலுக்கும் சரி, இந்த நிலைமை ஒன்றே. ஆனால் போர்க்கப்பல் தன் இடத்தைப் பிறரிடம் கேட்க முடியாது. கேட்டால் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும். எவரையும் சாராமல் தன் இடத்தைத் தானே கணிக்க வேண்டிய இந்தக் கட்டாயமே, உலகின் கடற்படைகளை வானியலுக்குள் இழுத்து வந்தது.

கடலில் அறிய வேண்டிய எண்கள் இரண்டு. அட்சரேகை ஓரளவு எளிது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுவே ஏறக்குறைய நாம் இருக்கும் வட அட்சரேகை. குமரியில் அது எட்டுப் பாகை. நீட்டிய கையின் முட்டி மறைக்கும் பத்துப் பாகைக்கும் குறைவு. கடல் மூடுபனியும் ஈரக்காற்றும் அவ்வளவு தாழ்ந்த நட்சத்திரத்தை அடிக்கடி விழுங்கிவிடுகின்றன. அது கண்ணில் பட்டாலும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. எட்டுப் பாகை உயரத்தில் காற்று மண்டலம் ஒளியை வளைத்து, நட்சத்திரத்தை ஆறரைக் கலை அளவு உயர்த்திக் காட்டுகிறது. ஒரு கலைப் பிழை என்பது பூமியின் மேல் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆகவே ஒளி வளைவைக் கழிக்க மறந்தவர் தன்னைப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே இருப்பதாக எண்ணிக்கொள்வார். இதற்கும் மேலாக, துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்தில் இல்லை. ஏறக்குறைய 38 கலை விலகி நின்று அதைத் தினமும் ஒருமுறை சுற்றி வருகிறது. அது சுற்றில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய நேரம் தெரிய வேண்டும். எளிது என்று சொன்ன அட்சரேகைக்கே கடிகாரம் தேவைப்பட்டுவிடுகிறது.

தீர்க்கரேகையின் கதை இன்னும் கடினமானது. 1707-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் தங்கள் இடத்தைத் தவறாகக் கணித்து, இங்கிலாந்தின் தென்மேற்கே சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1714-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் கடலில் தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் அறியும் வழிக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. அரைப் பாகை என்றால் நம் மாவட்டக் கடற்கரையின் கிழக்கு மேற்கு நீளம். ஆரோக்கியபுரத்தின் எதிரே நிற்கும் கப்பல் தான் நீரோடியின் எதிரே இருப்பதாக எண்ணிக்கொண்டாலும் பரிசு உண்டு என்னும் அளவுக்கு அன்றைய நிலை இருந்தது.

1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனிப் படை தோற்றது நம் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. அந்தப் படையைக் கொண்டுவந்த கப்பல்களில் தீர்க்கரேகையைச் சொல்லும் கடிகாரம் எதுவும் இருந்திருக்க முடியாது. அப்போது இங்கிலாந்தில் ஜான் ஹாரிசன் என்னும் தச்சர் மகன் தன் இரண்டாவது கடற்கடிகாரத்தை முடித்துவிட்டு மூன்றாவதில் உழன்றுகொண்டிருந்தார். அலையின் ஆட்டமும் வெப்ப மாற்றமும் ஊசல் கடிகாரத்தைக் கெடுத்துவிடும் என்பதால், கையடக்கமான சுருள்வில் கடிகாரம் ஒன்றை அவர் 1759-இல் செய்து முடித்தார். அது 1761-இல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. வாரக்கணக்கான அந்தப் பயணத்தின் முடிவில் அதன் பிழை சில நொடிகளாக மட்டுமே இருந்தது. துறைமுகத்தில் இங்கிலாந்தின் கிரீனிச் ஆய்வக நேரத்துக்கு வைத்த கடிகாரத்தைக் கடலில் எடுத்துச் செல்வதும், உள்ளூர் நேரத்தை வானத்திலிருந்து அளந்து இரண்டையும் ஒப்பிடுவதும் அதன்பின் நடைமுறையாயின. பூமியின் மேற்பரப்பு குமரிக்கு அருகில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 460 மீட்டர் கிழக்கே நகர்கிறது. ஆகவே கடிகாரத்தில் நான்கு நொடிப் பிழை ஒரு கடல் மைல் பிழையாகிறது. ஒரு நிமிடப் பிழை இருபத்தேழு கிலோமீட்டருக்கும் மேல்.

இதுவரை சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் பார்த்தோம். நடைமுறையில் மாலுமிகள் அதிகம் நம்புவது மற்ற ஒளிமிக்க நட்சத்திரங்களைத்தான். அந்த முறையைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த ஒரு கணத்திலும் ஒவ்வொரு நட்சத்திரமும் பூமியில் ஏதோ ஓர் இடத்தின் நேர் உச்சியில் நிற்கிறது. அந்த இடத்தை நட்சத்திரத்தின் அடி என்று அழைக்கலாம். திருவோண நட்சத்திரக் கூட்டத்தின் பிரகாசமான நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அது வான நடுக்கோட்டுக்கு, அதாவது நிலநடுக்கோட்டின் நேர் மேலே வானத்தில் அமையும் கோட்டுக்கு, வடக்கே 8 பாகை 52 கலையில் இருக்கிறது. ஆகவே அதன் அடி, தென்காசிக்குச் சற்றுத் தெற்கே செல்லும் அட்சரேகையின் மேல் தினமும் ஒருமுறை உலகைச் சுற்றி வருகிறது. திருவாதிரையின் சிவந்த நட்சத்திரம் 7 பாகை 24 கலையில் இருப்பதால், அதன் அடி இலங்கையில் கண்டிக்கு அருகில் கடந்து செல்கிறது. குமரி முனை இவ்விரண்டு தடங்களுக்கும் இடையில் இருப்பதால், நம் ஊரில் திருவோணம் தலைக்கு மேல் ஒரு பாகைக்கும் குறைவாக வடக்கே சாய்ந்தும், திருவாதிரை அதுபோலவே தெற்கே சாய்ந்தும் உச்சியைக் கடக்கின்றன. வேறு பல ஊர்களுக்குக் கிடைக்காத அமைப்பு இது.

இப்போது ஒரு நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து அது 30 பாகை விலகி இருக்கிறது. எனவே நாம் அதன் அடியிலிருந்து 30 பாகை, அதாவது 1800 கடல் மைல் தொலைவில் இருக்கிறோம். அந்தத் தொலைவில் இருப்பவர் அனைவரும் அடியை மையமாகக் கொண்ட ஒரு பெரிய வட்டத்தின் மேல் நிற்கிறார்கள். இன்னொரு நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தால் இன்னொரு வட்டம் கிடைக்கிறது. இரண்டு வட்டங்களும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அவ்விரண்டும் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகி இருப்பதால் எது நம் இடம் என்பதில் ஐயம் வருவதில்லை. மூன்றாவது நட்சத்திரம் அளவுப் பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. உயரத்தை அளக்கும் கருவி செக்ஸ்டன்ட். இரண்டு கண்ணாடிகளின் உதவியால் நட்சத்திரத்தையும் அடிவானத்தையும் ஒரே காட்சியில் ஒட்டவைத்து இடைக்கோணத்தைப் படிக்கும் இக்கருவியைக் கொண்டு, தேர்ந்த கை ஒரு கலைக்கும் குறைவான பிழையோடு அளக்கும். இதற்கு நூற்றாண்டுகள் முன்பே, முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையைக் கண்ணுக்கு எதிரே பிடித்து நட்சத்திர உயரத்தை அளக்கும் கருவி இந்தியப் பெருங்கடலில் புழங்கியது. தமிழ் மாலுமிகள் அதை இராப்பலகை என்றார்கள்.

அளந்த உயரத்திலிருந்து வட்டம் வரைய வேண்டுமானால், அந்த நொடியில் நட்சத்திரத்தின் அடி எங்கே இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு அறிவுகள் தேவை: வானத்தில் அந்த நட்சத்திரத்தின் இடமும், அளந்த கணத்தின் நேரமும். இவற்றில் எது பிழைத்தாலும் வட்டத்தின் மையம் பிழைக்கிறது. மையம் பிழைத்தால் கப்பலின் இடமும் பிழைக்கிறது. நட்சத்திரப் பட்டியலும் கடிகாரமும் ஒரே அளவீட்டின் இரு பாதிகள். வான்வழி இடமறிதலை முதன்முதலாகப் படிப்பவர் இந்த ஓர் இடத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வந்துசேரும் என்பது என் உறுதியான கருத்து.

பட்டியல் எப்படி உருவாகிறது? தெற்கு வடக்காக மட்டுமே மேலும் கீழும் திரும்பும்படி கற்றூண்களில் பொருத்திய ஒரு தொலைநோக்கி வேண்டும். பூமி சுழலச் சுழல நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அதன் பார்வைக் கோட்டைக் கடக்கின்றன. கடக்கும் உயரத்தைப் படித்தால் வான நடுக்கோட்டிலிருந்து நட்சத்திரத்தின் விலக்கம் கிடைக்கிறது. கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்தால் கிழக்கு மேற்கு இடம் கிடைக்கிறது. அதனால்தான் வானியலார் இந்த இரண்டாவது எண்ணை இன்றும் மணி, நிமிடம், நொடியிலேயே எழுதுகிறார்கள். மறுபக்கமாக, இடம் ஏற்கெனவே தெரிந்த நட்சத்திரம் கோட்டைக் கடக்கும் கணத்தைக் கொண்டு ஆய்வகக் கடிகாரத்தைத் திருத்தலாம். கடிகாரம் நட்சத்திரத்தை அளக்கிறது, நட்சத்திரம் கடிகாரத்தைத் திருத்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி ஒவ்வொரு தலைமுறையிலும் நுட்பமடைந்தன.

1675-இல் கிரீனிச் ஆய்வகம் தொடங்கப்பட்டதே கடற்பயணத்துக்காகத்தான். அமெரிக்கக் கடற்படை 1830-இல் வாஷிங்டனில் தொடங்கிய கிடங்கின் முதல் வேலை கப்பல்களின் குரோனோமீட்டர்கள் என்னும் கடற்கடிகாரங்களைச் சரிபார்ப்பதும் கடல் வரைபடங்களைப் பேணுவதும். அதுவே வளர்ந்து அந்நாட்டின் கடற்படை வானாய்வகமானது. நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் சென்னையில் நிறுவிய ஆய்வகத்தின் கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அங்கே டி. ஜி. டெய்லர் 11,015 நட்சத்திரங்களின் இடங்களை அளந்து 1844-இல் பட்டியலாக வெளியிட்டார். குமரி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகம் அமைத்தார். குமரி முனைக்கு அருகிலுள்ள புன்னை, வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவையின் தென்கோடி நிலையங்களில் ஒன்று. உச்சிக்கு அருகே கடக்கும் நட்சத்திரங்களை நுட்பமான கருவியால் நோக்கியே அவர் அட்சரேகைகளை நிர்ணயித்தார். உச்சியில் ஒளி வளைவு இல்லாததால் அங்கே பிழை மிகக் குறைவு.

பட்டியலை ஒருமுறை எழுதி முடித்துவிட முடியாது. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் வானத்தின் அளவுக் கோடுகளே ஆண்டுக்கு 50 விகலை நகர்கின்றன. பஞ்சாங்கங்கள் அயனாம்சம் என்று கணக்கிடுவது இதைத்தான். நட்சத்திரங்களும் தனித்தனியே நகர்கின்றன. சுவாதி நட்சத்திரம் ஆண்டுக்கு 2.3 விகலை நகர்கிறது. நூறு ஆண்டு பழைய பட்டியலில் உள்ள இடத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய நான்கு கலை, அதாவது ஏழு கிலோமீட்டர் பிழை வரும். பூமியின் காற்று மண்டலத்துக்கு வெளியே சென்று அளக்க ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 1989-இல் அனுப்பிய ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள், ஏறக்குறைய 1,18,000 நட்சத்திரங்களை விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு நுட்பத்தில் அளந்தது. குமரியிலிருந்து பார்க்கும்போது காஷ்மீரின் வட எல்லையில் வைத்த ஒரு சட்டைப் பொத்தான் தெரியும் கோணம் அவ்வளவு. 2013-இல் சென்ற கையா செயற்கைக்கோள் அதையும் மிஞ்சி, நூற்று எண்பது கோடி அளவிலான நட்சத்திரங்களைப் பட்டியலிட்டது.

கடிகாரமும் இதே வேகத்தில் முன்னேறியது. பூமியின் சுழற்சியே சீரற்றது என்பது உறுதியான பின், 1967-இல் நொடியின் இலக்கணம் வானத்திலிருந்து அணுவுக்கு மாறியது; சீசியம் அணுவின் குறிப்பிட்ட ஓர் அதிர்வு 9,192,631,770 முறை நிகழும் காலமே இன்று ஒரு நொடி. அணுக்கடிகாரம் பூமியைவிட ஒழுங்காக ஓடுவதால் இரண்டுக்கும் இடைவெளி விழுகிறது. அதைச் சரிக்கட்ட 1972 முதல் 27 முறை உலக நேரத்தில் ஒரு நொடி கூட்டினார்கள். கடைசி நொடி 2016-ஆம் ஆண்டின் முடிவில் சேர்ந்தது. ஜிபிஎஸ் அமைப்பின் உள்நேரம் இந்த நொடிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை; அதனால் அது உலக நேரத்தைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. செக்ஸ்டன்ட் பிடிப்பவர் இவ்விரண்டையும் மாற்றி எடுத்துக்கொண்டால் கப்பல் எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் தவறான இடத்தில் விழும்.

இந்த ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், பழைய கணக்கே புதிய உருவில் நிற்பது தெரிகிறது. நட்சத்திரத்தின் இடத்தில் செயற்கைக்கோள். உயரக் கோணத்தின் இடத்தில் ரேடியோ அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரம். ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஆகவே செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தொலைவில் 300 மீட்டர் பிழை. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் நிற்கும் படகில் உள்ள மலிவான கருவிக்கு இவ்வளவு நுட்பமான கடிகாரம் கிடையாது. இடத்தின் மூன்று எண்களோடு தன் கடிகாரப் பிழையையும் நான்காவது எண்ணாகக் கணிக்க வேண்டியிருப்பதால், அது குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களைக் கேட்கிறது.

ஜிபிஎஸ் போல இடம் காட்டும் நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள் அமைப்பு இந்தப் பாடத்தைக் கடினமான வழியில் கற்றது. 2013-இல் சென்ற முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபீடியம் அணுக்கடிகாரங்களும் சில ஆண்டுகளில் பழுதாயின. வானில் கோள் நலமாகச் சுற்றியும், இடம் சொல்லும் வேலைக்கு அது பயன்படவில்லை. அந்தக் கடிகாரங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. 2023 மே 29-இல் ஏவிய என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோள் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. 2017-இல் ஒக்கிப் புயல் நம் கரையைச் சிதைத்த பிறகு ஆழ்கடல் படகுகளுக்கு நாவிக் வழியாகச் செய்தி பெறும் எச்சரிக்கைக் கருவிகளும் வழங்கப்பட்டன. அந்த இழப்பைக் கண்ட மாவட்டத்தில் இந்தக் கடிகாரத்தின் அருமையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

செயற்கைக்கோள் வந்துவிட்டதால் வானத்தை அளக்கும் வேலை ஒழிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. செயற்கைக்கோளின் பாதை விண்வெளியில் கணிக்கப்படுகிறது. நமக்கு வேண்டியதோ சுழலும் பூமியின் மேல் உள்ள இடம். பூமி இந்தக் கணத்தில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை மிகத் தொலைவிலுள்ள குவேசார்கள் என்னும் பேரொளி விண்பொருள்களை ரேடியோத் தொலைநோக்கிகளால் நோக்கித்தான் அறிகிறார்கள். 2019 முதல் நடப்பிலுள்ள பன்னாட்டு வான அளவுச் சட்டகம் இத்தகைய 4,536 பொருள்களின் இடங்களைக் கொண்டது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் இந்த அளவீட்டிலும் பங்கேற்கிறது, ஜிபிஎஸ் நேரத்துக்கு ஆதாரமான அணுக்கடிகாரங்களையும் பேணுகிறது.

படைகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. செயற்கைக்கோளின் சைகை பூமிக்கு வரும்போது மிகமிக மெலிந்திருக்கும். அதை இரைச்சலால் அடக்கவும், பொய்யான சைகையால் ஏமாற்றவும் இயலும். 2017-இல் கருங்கடலில் சென்ற கப்பல்கள் பலவற்றின் கருவிகள், கப்பல் நிலத்தின் மேல் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஆழத்தில் அந்தச் சைகையே கிடைக்காது. நமக்குப் பக்கத்தில் நெல்லை மாவட்டத்து விஜயநாராயணத்தில் உள்ள கடற்படை நிலையம் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிபரப்புவது, அத்தகைய அலை நீருக்குள் ஓரளவேனும் ஊடுருவும் என்பதால்தான். ஆனால் அந்த வழியில் செய்தி போகுமே தவிர, இடம் கிடைக்காது. நீர்மூழ்கி தன் வேகத்தையும் திருப்பத்தையும் தானே உணரும் கருவிகளைக் கொண்டு இடத்தைக் கூட்டிக் கூட்டிக் கணிக்கிறது. கூட்டக் கூட்டப் பிழையும் சேர்கிறது. அதிலிருந்து ஏவப்படும் நெடுந்தொலைவு ஏவுகணைகளில் சில, காற்று மண்டலத்தைத் தாண்டியதும் ஒரு நட்சத்திரத்தை நோக்கித் தம் திசையைத் திருத்திக்கொள்ளும்படி செய்யப்பட்டுள்ளன. நட்சத்திரத்தின் சைகையை எவராலும் அடக்க முடியாது.

1990-களின் இறுதியில் செக்ஸ்டன்ட் பயிற்சியைக் கைவிட்ட அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015-இல் அதை மீண்டும் பாடத்தில் சேர்த்தது இந்தக் காரணத்தால்தான். அந்தப் பயிற்சிக்குக் குமரிக் கடல் எளிதான இடமும் இல்லை. நட்சத்திரமும் அடிவானக் கோடும் சேர்ந்து தெரிய வேண்டுமானால் அந்தி வெளிச்சம் வேண்டும். பகலில் நட்சத்திரம் இல்லை, நள்ளிரவில் அடிவானம் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்கிவிடுவதால் பயன்படும் அந்தி இருபத்தைந்து நிமிட அளவே நீடிக்கிறது. அதற்குள் வெவ்வேறு திசைகளில் நான்கைந்து நட்சத்திரங்களை இனங்கண்டு, ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து, அளந்த நொடியைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆகவே சூரியன் மறைவதற்கு முன்பே பட்டியலைப் பார்த்து, எந்த நட்சத்திரம் எந்தத் திசையில் எந்த உயரத்தில் தோன்றும் என்பதைக் கணித்து எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.